கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், ஞாயிறுதோறும் நமது வார ஏட்டைக் கூடி வாசிக்கும் தமிழ்த் தோழர்கள் சிலர் உள்ளனர். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். அண்மையில் ஒரு ஞாயிறன்று, இரவுப் பணி முடித்து உறங்காமலே வந்திருந்த செவிலியத் தோழர் ஒருவர் அங்கே ஒரு கேள்வியை எழுப்பினார். அவர் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில் பல மாதங்கள் நீடித்த ஊதியத் தகராறு முடிவுக்கு வந்து, சங்கமும் நிர்வாகமும் உடன்பாடு செய்துகொண்டன. கோரியதில் பாதிக்கும் குறைவான உயர்வே கிடைத்தது. இரவுப் பணிப் படி பற்றிய கோரிக்கை கைவிடப்பட்டது. ஏஜென்சி மூலம் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் உடன்பாட்டுக்குள் வரவே இல்லை. ஆயினும் இவை எல்லாவற்றையும்விட அவரை வருத்தியது வேறொன்று. உடன்பாடு கையெழுத்தான செய்தியை அவர் சங்கத்திடமிருந்து அறியவில்லை; வார்டு வாசலில் நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தே அறிந்தார்.

“குறைவாகக் கிடைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தோழர். எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? இனி எதற்காக நான் சந்தா கட்ட வேண்டும்?” என்பது அவருடைய கேள்வி.

அந்தச் சங்கத்தில் நம் தோழர்களும் பொறுப்பில் இருக்கின்றனர். ஆகவே இக்கேள்வி எவரோ ஒருவரை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. ‘அரசியல் தெளிவின்மை’ என்றோ ‘பொறுமையின்மை’ என்றோ பெயரிட்டு இதை ஒதுக்கிவிட முடியாது. தன் சங்கத்தின் மீது தொழிலாளி கொள்ளும் கோபம், அச்சங்கத்தைத் தன்னுடையது என்று அவர் இன்னமும் கருதுகிறார் என்பதற்கான சான்று. அக்கோபமும் அடங்கி அவர் பேசாமல் விலகிச் செல்லும் நாளே நாம் அஞ்ச வேண்டிய நாள்.

சேவை என்ற பெயரில் குறைக்கப்படும் கூலி

தமிழில் ‘செவிலி’ என்பது பழஞ்சொல். அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலித்தாய். அவளுடைய மகளே தோழி. அச்சொல்லை மருத்துவமனையில் நோயாளியைப் பேணுவோருக்குச் சூட்டியபோது, மதிப்பும் வந்தது. அதனோடு ஒரு சுமையும் வந்தது. தாய் கூலி கேட்கமாட்டாள் என்ற எண்ணம் அச்சுமை. ‘தேவதைகள்’, ‘தியாகத்தின் திருவுருவங்கள்’ என்று கொரோனா காலத்தில் மலர் தூவிப் போற்றிய சமூகமே, அவர்கள் ஊதிய உயர்வு கேட்டுத் தெருவுக்கு வந்தபோது ‘நோயாளிகளைக் கைவிடலாமா’ என்று கேட்டது.

உண்மையில் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை என்ன? இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், அவர்களது ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அக்குழு தெளிவான பரிந்துரைகளை அளித்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம். 50 முதல் 100 படுக்கைகள் வரை உள்ளவற்றில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம். 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம். பரிந்துரை மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

இஎஸ்ஐ திட்டத்துக்கான ஊதிய உச்சவரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாயாக உள்ளது. தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்யும் எண்ணற்ற செவிலியர் இவ்வரம்புக்குள் அடங்குகின்றனர். அதாவது, பல லட்ச ரூபாய்க் கட்டணத்துக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர், தாம் நோயுற்றால் ஹெப்பாள் ஆலைத் தொழிலாளரோடு ஒரே வரிசையில் இஎஸ்ஐ மருத்துவமனையில் நிற்கிறார். வெள்ளைச் சீருடை அணிந்த இத்தோழர்கள் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதில் நமக்கு ஐயம் வேண்டியதில்லை.

ஒரு நாளில் முடிந்த வேலைநிறுத்தம்

கர்நாடகத்தின் அண்மைக்கால அனுபவம் ஒன்றை நினைவுகூர்வோம். 2023 மார்ச் 1 அன்று, ஊதியக் குழுவின் பயனையும் பழைய ஓய்வூதியத் திட்டத்தையும் கோரி மாநில அரசு ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகள் உட்பட மாநிலமெங்கும் அரசுப் பணிகள் ஸ்தம்பித்தன. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளை அது. அன்றே அரசு 17 விழுக்காடு இடைக்கால உயர்வுக்கு ஆணை பிறப்பித்தது. ஓய்வூதியக் கோரிக்கை ஒரு குழுவின் ஆய்வுக்கு விடப்பட்டது. ‘காலவரையற்ற’ வேலைநிறுத்தம் அன்றே விலக்கிக்கொள்ளப்பட்டது.

17 விழுக்காடு சிறு தொகையன்று. வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தின் வலிமையை அந்த ஒரு நாள் நிலைநாட்டியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மாநிலமெங்கும் லட்சக்கணக்கானோர் தொடங்கிய போராட்டத்தை ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் முடிவு, பணிமனைகளிலும் வார்டுகளிலும் நின்ற ஊழியரிடம் விவாதிக்கப்பட்டு எடுக்கப்பட்டதாக இருக்க முடியாது. அதற்கு நேரமே இல்லை. அதைவிட முக்கியமான மற்றொன்று உண்டு. அந்த உயர்வு நிரந்தர ஊழியரின் அடிப்படை ஊதியத்துக்கானது. அதே மருத்துவமனையில், அதே வார்டில், அதே ஊசியைப் போடும் ஒப்பந்தச் செவிலியருக்கு அதில் பங்கில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான், தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த ஊழியர்கள் பணி நிரந்தரம் கோரிப் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் அமர்ந்திருந்தனர். ஒரே துறையின் இரு போராட்டங்கள் ஒரே மாதத்தையொட்டி, ஒன்றையொன்று தொடாமல் நடந்து முடிந்தன. இதை வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ள எந்த அரசுக்கும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.

தேனாம்பேட்டை கற்றுத்தந்த பாடம்

இன்னும் கூர்மையான அனுபவம் தமிழகத்தினுடையது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்று, 2015 முதல் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சேர்ந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே வழங்கப்பட்டது. இரண்டாண்டுகளில் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்படுவோம் என்ற நம்பிக்கையில் அவர்கள் வேலை செய்தனர். இரண்டாண்டுகள் கடந்தன, நம்பிக்கை நிறைவேறவில்லை. 2017 நவம்பர் 27 அன்று மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான செவிலியர், சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தை நிறைத்தனர். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

மறுநாள் அமைச்சருடன் பேச்சுவார்த்தை நடத்தித் திரும்பிய சங்க நிர்வாகிகள், போராட்டம் விலக்கிக்கொள்ளப்படுவதாக அறிவித்தனர். வளாகத்தில் அமர்ந்திருந்தோரில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. எழுத்துமூலமான உறுதி எங்கே என்று கேட்டனர். எழ மறுத்து அங்கேயே தொடர்ந்து இருந்தனர். அடுத்த நாள் சென்னை உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. போராட்டம் முடிவுக்கு வந்தது. பின்னாளில் தொகுப்பூதியம் படிப்படியாக 14,000 ரூபாயாகவும் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அது அப்போராட்டத்தின் பயனே. எவரும் கருணையால் தந்ததன்று. ஆனால் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற மூலக் கோரிக்கை வழக்குமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியது. பணி நிரந்தரமோ, ஒவ்வொரு முறையும் சிறு எண்ணிக்கையினருக்கு மட்டும் வந்து சேரும் ஒன்றாயிற்று.

அன்றைய நிர்வாகிகள் மீது பழிசொல்வது நமது நோக்கமன்று. அமைச்சரின் அறையில் எத்தகைய அழுத்தம் இருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வந்த நிர்வாகிகள், ‘அரசு சொல்வது இது, இதை ஏற்கலாமா, வேண்டாமா?’ என்று வளாகத்தில் அமர்ந்திருந்தோரிடம் கேட்டிருந்தால், ஏற்றிருப்பினும் மறுத்திருப்பினும், அவர்கள் ஒன்றாக ஏற்றிருப்பர் அல்லது ஒன்றாக மறுத்திருப்பர். அன்று நீதிமன்றத்தின் முன் நின்றது இரண்டாகப் பிளந்த போராட்டம்.

பின்வாங்குதல் துரோகமன்று, மறைத்தலே துரோகம்

தலைவர்களின் தரப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். மருத்துவமனை வேலைநிறுத்தம் ஆலை வேலைநிறுத்தம் போன்றதன்று. தறி நின்றால் முதலாளியின் லாபம் நிற்கும்; வென்டிலேட்டர் அருகே ஆளில்லாவிட்டால் நோயாளியின் மூச்சு நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவையும் பிரசவ அறையையும் விட்டுவிடாமலேயே செவிலியர் போராட வேண்டியுள்ளது. அதனால் அவர்களுடைய வேலைநிறுத்தம் தொடங்கும்போதே பாதி வலிமையுடன்தான் தொடங்குகிறது.

சட்டமும் நீதிமன்றமும் எதிரே நிற்கின்றன. 2003 ஜூலையில் தமிழக அரசு எஸ்மா சட்டத்தைக் கொண்டு சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் ஊழியரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்ததையும், அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அறவே இல்லை என்று தீர்ப்பளித்ததையும் நாம் மறக்கவில்லை. கர்நாடக அரசு தொடர்பான உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று வந்த தீர்ப்பு, தற்காலிக ஊழியர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று கூறியது. அதைக் காட்டியே அரசுகள் ஒப்பந்த முறையை நியாயப்படுத்தி வந்தன. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பொருந்தும் என்றும், 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உமாதேவி தீர்ப்பை நீண்டகால ஊழியருக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் கூறிய பிறகும், நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது. பாதிக்கு மேற்பட்டோர் கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமை எழுத்தாளராக இருந்த பெங்களூரு குடிநீர் வாரியத் தீர்ப்பு, மருத்துவமனையும் ‘தொழில்’ தான் என்று நிலைநாட்டியது. புதிய தொகுப்போ, அறப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. அறக்கட்டளைப் பெயர்ப்பலகையின் கீழ் வணிகம் நடத்தும் மருத்துவமனைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இவ்விலக்கின் பொருள் செவிலியருக்கு விளங்கும்.

இத்தகைய சூழலில் சில வேளைகளில் பின்வாங்கத்தான் வேண்டும். கோரியதில் பாதியைப் பெற்றுக்கொண்டு அணிகளைக் காத்து, அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாவது தொழிற்சங்க இயக்கத்தின் நெடுநாள் அறிவு. பின்வாங்குவது துரோகமன்று. பின்வாங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் மறைத்து, அதற்கு ‘மகத்தான வெற்றி’ என்று பெயரிடுவதே துரோகம். சட்டத்தின் கடுமையை உறுப்பினரிடம் விளக்கினால் அவர்கள் புரிந்துகொள்வர். விளக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் சட்டத்தைக் காரணம் காட்டினால், அது சாக்குப்போக்காகவே அவர்கள் காதில் விழும்.

தானே கட்டிக்கொண்ட சங்கம்

கேரள அனுபவம் நமக்குச் சற்றுக் கசப்பானது. ஆதலால் அதைத் தவிர்க்காமல் பார்க்க வேண்டும். தொழிற்சங்க மரபு வேரூன்றிய அம்மாநிலத்தில், தனியார் மருத்துவமனைச் செவிலியர் 2011இல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் என்ற தனிச் சங்கத்தைக் கட்டினர். நெடுங்காலமாக இயங்கிவந்த மத்தியச் சங்கங்கள் அனைத்தும் இருக்கும்போதே அவர்கள் ஏன் தனியே செல்ல நேர்ந்தது? பீடித் தொழிலாளியையும் கயிற்றுத் தொழிலாளியையும் தேடிச் சென்ற நமது இயக்கம், தனியார் மருத்துவமனையின் விடுதி வாயில்வரை போதிய அளவு செல்லவில்லை என்பதே நேர்மையான விடை. சென்ற இடங்களிலும், ஆலைக்கான அமைப்பு முறையை அப்படியே அங்கே பொருத்தப் பார்த்தோம்.

அச்செவிலியர் நடத்திய போராட்டங்களின் அழுத்தத்தில், 2017 ஜூலையில் முதலமைச்சர் கூட்டிய பேச்சுவார்த்தையில் 20,000 ரூபாய் அடிப்படை ஊதியம் ஏற்கப்பட்டது. 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு அதற்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. இந்தியாவில் பிற மாநிலங்கள் செய்யத் தயங்கியதை ஓர் இடதுசாரி அரசு செய்தது என்று நாம் பெருமிதம் கொள்கிறோம், அது சரியே. அந்த ஆணைக்காகத் தெருவில் நின்றவர்கள் பெரும்பாலும் நமது கொடியின் கீழ் நிற்கவில்லை என்பதையும் அப்பெருமிதத்தோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் நிகழ்ந்தவை

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் செவிலியரின் பெரிய அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், 2018இல் மூன்றாண்டு ஊதிய உடன்பாட்டை ஏற்குமாறு உறுப்பினருக்குப் பரிந்துரைத்தது. வாக்கெடுப்பில் உறுப்பினரும் ஏற்றனர். ஜூலை மாத ஊதியச் சீட்டு கைக்கு வந்தபோது, சொல்லப்பட்ட உயர்வு தமக்கு அப்படியே வரவில்லை என்று பலர் கண்டனர். உடன்பாட்டின் விவரங்களைச் சங்கம் சரியாக விளக்கவில்லை என்ற சீற்றம் எழுந்தது. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கோரினார். பின்னர் பதவியிலிருந்தும் விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று பர்மிங்காமில் கூட்டப்பட்ட அவசரப் பொதுக்கூட்டத்தில், வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் தலைமைக் குழுவின் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தனர்.

2023இல் அதே அமைப்பின் தலைமை, அரசு முன்வைத்த 5 விழுக்காடு உயர்வை ஏற்கலாம் என்று மீண்டும் பரிந்துரைத்தது. இம்முறை 54 விழுக்காட்டினர் மறுத்து வாக்களித்தனர். ஆனால் போராட்டத்தைத் தொடர ஜூனில் முடிந்த வாக்கெடுப்பில் 43 விழுக்காட்டினரே பங்கேற்றனர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் 50 விழுக்காடு எட்டப்படவில்லை. வாக்களித்தோரில் மிகப் பெரும்பான்மையினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்திருந்தும் அது நடைபெறவில்லை.

இவ்விரு நிகழ்வுகளும் இரு பாடங்களைத் தருகின்றன. வாக்கெடுப்பு நடத்திவிட்டால் மட்டும் போதாது; எதன்மீது வாக்களிக்கிறோம் என்பது உறுப்பினருக்குத் தம் ஊதியச் சீட்டின் அளவில் விளங்க வேண்டும். மறுப்பதற்கு உரிமை இருந்தால் மட்டும் போதாது. மறுத்த பிறகு போராடும் அமைப்பும் வார்டுதோறும் இருக்க வேண்டும். இரண்டுமே சங்கத்தின் அன்றாட வேலையைச் சார்ந்தவை.

மொழிபெயர்ப்பாளனின் சுயவிமர்சனம்

இங்கே ஒரு தன்னிலை விளக்கம் தேவைப்படுகிறது. இத்தலையங்கத்தை எழுதுபவன் கட்சியின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். மேலே சொன்ன மருத்துவமனைத் தகராறு தொடங்கியபோது, கோரிக்கைப் பட்டியலும் ஆர்ப்பாட்டத் துண்டறிக்கையும் கன்னடம், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வந்தன. அணிதிரட்ட நான்கு மொழிகள் தேவைப்பட்டன. நிர்வாகத்தின் இறுதி முன்மொழிவு வந்தபோதோ, அது ஒரு மொழியிலும் உறுப்பினரிடம் செல்லவில்லை. கையெழுத்து முடிந்து ஒரு வாரம் கழித்துச் சங்கத்தின் சுற்றறிக்கை தமிழாக்கத்துக்காக மேசைக்கு வந்தது. ‘வெற்றி’ என்று இருந்ததை ‘வெற்றி’ என்றே தமிழாக்கி அனுப்பினேன். இரவுப் பணிப் படி எங்கே, ஒப்பந்தச் செவிலியர் எங்கே என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லுக்குச் சொல் பிழையின்றி எழுதிய அத்தமிழாக்கத்தில் உண்மை இல்லை. ஹெப்பாளில் அத்தோழர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

அன்று அவருக்கு விடை சொன்னவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் ஒருவர். தம் காலத்தில் உடன்பாட்டின் ஒவ்வொரு ஷரத்தையும் ஆலை வாயிலில் நின்று படித்துக் காட்டிய பிறகே சங்கம் கையெழுத்திடும் என்றார் அவர். வாயிற்கூட்டம் என்ற அம்மரபு நமது இயக்கத்தின் செல்வம். ஆனால் மருத்துவமனைக்கு அத்தகைய வாயில் இல்லை. மூன்று ஷிப்டுகளில் பிரிந்து, நோயாளியை விட்டு நகர முடியாமல், பணி முடிந்ததும் விடுதிக்கோ குழந்தையிடமோ விரைபவர்கள் செவிலியர். மாலை ஆறு மணிக்குக் கூட்டிய பொதுக்குழுவுக்குப் பதின்மர் வந்தால், ‘உறுப்பினருக்கு அக்கறையில்லை’ என்று முடிவு கட்டுவது எளிது. அக்கூட்டத்தை மூன்று ஷிப்டுக்கும் மூன்று முறை கூட்டினோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்வதே கடினம்.

செய்ய வேண்டியவை

தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ், சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்படும் உடன்பாடு சங்க உறுப்பினரை மட்டுமன்றி அந்நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பதே இதுவரை நாம் பழகிவந்த நெறி. ஒரு கையெழுத்து அத்தனை பேரைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் அதற்கு முன் அவர்களிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று நமது சட்டம் எந்தத் தலைவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாததை நமது அமைப்பு நெறி கட்டாயமாக்க வேண்டும்.

முதலாவதாக, நிர்வாகத்தின் இறுதி முன்மொழிவு உறுப்பினர் பேசும் மொழிகள் அனைத்திலும், அவரவர் ஊதியத்தில் எத்தனை ரூபாய் கூடும், எந்தப் படி விடுபடும் என்ற கணக்கோடு கையெழுத்துக்கு முன்பே அவர்களிடம் சேர வேண்டும்.

இரண்டாவதாக, ஷிப்டு வாரியாகக் கூட்டம் நடத்தி, இரகசிய வாக்கெடுப்பின் மூலம் ஒப்புதல் பெற வேண்டும். அவசரம் என்று நிர்வாகம் நெருக்கினால், ஓர் இரவு அவகாசம் கேட்டுப் பெறுவதும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியே.

மூன்றாவதாக, ஒப்பந்தச் செவிலியரையும் ஏஜென்சிச் செவிலியரையும் அதே சங்கத்தின் முழு உறுப்பினராக்க வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுவில் அவர்களுக்கும் இடம் வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திப் பெறும் உயர்வு, அடுத்த முறை நிரந்தரப் பணியிடங்களையே அரித்துவிடும்.

நான்காவதாக, பேச்சுவார்த்தைக் குழுவில் வார்டில் பணிபுரியும் செவிலியரே, அதிலும் பெண்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பெண்கள் நிறைந்த தொழிலுக்கு ஆண்கள் மட்டும் அமர்ந்து பேசும் நிலை இனியும் நீடிக்கலாகாது.

ஐந்தாவதாக, பெறாதவற்றின் பட்டியலையும் பெற்றவற்றின் பட்டியலோடு சேர்த்து வெளியிட வேண்டும். அதுவே அடுத்த போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும் கேட்டவுடன் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. புதிய சட்டத்தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு தொழிலாளரின் ஆதரவைப் பெற்ற சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கமாக முடியும். உறுப்பினர் ஒருவர் சலித்து வெளியேறுவதும், நிர்வாகத்தின் கையாளாக ஒரு சங்கம் முளைப்பதும் இனி ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகலாம். எனவே உட்சங்க ஜனநாயகம் நமக்கு அறநெறி மட்டுமன்று. வாழ்வா சாவா என்ற கேள்வியும் ஆகும்.

செவிலியத் தோழர்களுக்கும் ஒரு சொல்

சங்கத்தின் மீது நீங்கள் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் சந்தாவை நிறுத்துவது அக்கோபத்தை வெளிப்படுத்தும் வழியன்று. நீங்கள் வெளியேறும் நாளில் சங்கத் தலைவர் இழப்பது ஓர் உறுப்பினரை. நிர்வாகம் பெறுவதோ தனித்து நிற்கும் ஒரு செவிலியரை. இரவுப் பணிப் பட்டியலில் யார் பெயர் கூடுதலாக வரும், யாருடைய விடுப்பு மறுக்கப்படும் என்பதைத் தீர்மானிக்க அதற்குப் பிறகு எவரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. பொதுக்குழுவைக் கூட்டுமாறு கையெழுத்திட்டுக் கேளுங்கள். கணக்கைக் கேளுங்கள். அடுத்த தேர்தலில் நீங்களே நில்லுங்கள். அப்போது உங்கள் பக்கம் நிற்பது கட்சி உறுப்பினரின் கடமை, தலைவருக்காக வாதாடுவதன்று.

நம் தோழர்கள் பொறுப்பில் உள்ள மருத்துவமனைச் சங்கங்கள் அனைத்திலும், நடப்பில் உள்ள உடன்பாட்டை உறுப்பினர் முன் வைத்து விவாதிக்கும் கூட்டங்களை உடனே தொடங்க வேண்டும். கடுஞ்சொற்கள் வரும், கேட்டுக்கொள்ள வேண்டும். ஹெப்பாளில் கேள்வி எழுப்பிய தோழர் அன்று சந்தா கட்டவில்லை. கட்டமாட்டேன் என்று முடிவாகவும் சொல்லவில்லை. “அடுத்த முறை கையெழுத்துக்கு முன் கேட்பீர்களா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கூறி, உறங்குவதற்காக அறைக்குச் சென்றார். அன்றிரவும் அவருக்குப் பணி இருந்தது. அந்த உடன்பாட்டின் முழு வாசகமும், விடுபட்டவற்றின் பட்டியலோடு, இப்போது தமிழாக்கப்பட்டு வருகிறது.